கசந்தால் விஷமில்லை

எங்கள் அப்பா சின்னக்கருப்பனுக்கு, அம்மா இருந்தவரை, 'தெரியாது' என்ற சொல் வாயில் வந்ததே இல்லை. மழை வருமா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். வரும் என்றோ வராது என்றோ கேட்ட வேகத்தில் பதில் வந்து விழும். சொன்னபடி பெய்தால் "சொன்னேன்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். பெய்யாவிட்டால் அது மழையின் குற்றம். "ஒங்கப்பாவக் கேக்காம அந்த மேகம் எப்பிடித்தான் போச்சோ" என்று அம்மா கேலி பேசுவாள். கேலி பேசினாளே தவிர, அவர் சொல்லை மீறி ஒரு காரியமும் செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மா செத்துப்போனது அதனால்தான்.

அந்த உறுதி அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் நியாயம் கெட்டவளாகிவிடுவேன். சமயநல்லூருக்கு மேற்கே எங்கள் ஊர். அப்பாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்தே காலத்தைத் தீர்த்தவர்கள். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. அப்பா கல் உடைத்து, லாரிக்கு லோடு ஏற்றி, ஒரு துண்டு நிலம் வாங்கினார். ஊரே சிரித்தது. வெறும் பாறை, கள்ளிகூட முளைக்காது என்றார்கள். அப்பா மல்லி வைப்பேன் என்றார். வைத்தார், வந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அப்துல் லத்தீப் மாமா, "மச்சான் பூவுன்னா மூட்டையப் பிரிக்காமயே வாங்கலாம்" என்பார். அந்தப் பூவில்தான் நான் படித்து, பி.எட். முடித்து, தல்லாகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஆனேன். ஊரே முடியாது என்றதை முடியும் என்று சொல்லி ஜெயித்த மனுசனிடம் போய் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஒப்பித்தால் எடுபடுமா? எடுபடவில்லை.

பாம்புக்கடிக்கு இலை கொடுக்கும் வேலை அப்பாவிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. பூந்தோட்டம் என்றால் பாம்பு இல்லாமல் இருக்காது. யாரையாவது ஏதாவது கொத்திவிட்டால் நேரே எங்கள் மோட்டார் ரூமுக்கு வந்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அப்பா கொழுந்தாக ஒரு கொத்து ஒடித்து மெல்லக் கொடுப்பார். கசந்தால் விஷமில்லை, வீட்டுக்குப் போகலாம். கசக்காமல் சப்பென்று இருந்தால் விஷம் ஏறிவிட்டது, பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதற்கென்று யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். "கசக்குதா?" என்பார். "கசக்குதுண்ணே" என்பார்கள். "அப்ப எந்திரிச்சுப் போயி வேலையப் பாரு." அந்தக் குரலைக் கேட்டாலே பாதிப் பேருக்கு நடுக்கம் நின்றுவிடும். சின்ன வயதில் நானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒருத்தருக்குத்தான் கசக்கவில்லை. அவர் அழகுபாண்டி, கொத்தனார். நாள் முழுக்க வாயில் பொயிலை அதக்குகிற ஆள். அவர் நாக்குக்கு உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. இலையை மென்று துப்பிவிட்டு, "ஒண்ணுமே தெரியலயேண்ணே" என்றார். அப்பா அலறியடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, விஷமில்லாத பாம்பு என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள். "அண்ணன் மட்டும் அன்னைக்கு அனுப்பலைன்னா நான் போயிச் சேந்திருப்பேன்" என்று டீக்கடையில் உட்கார்ந்து அழுதார் அழகுபாண்டி. ஆக, கசந்தவன் பிழைத்தாலும் இலை சரி. கசக்காதவன் பிழைத்தாலும் இலை சரி. இப்படி ஒரு பரீட்சையை நான் நடத்தினால் என்னை வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள்.

அப்புறம் சோணை. ஆடு மேய்க்கிறவர். பொழுது சாயும் நேரத்தில் கடிபட்டு வந்தார். இலை கசந்தது. எழுந்து போனார். காலையில் கிடையிலேயே செத்துக் கிடந்தார். அன்று லீவு என்பதால் நானும் ஊரில் இருந்தேன். பிணத்தின் முன்னால் அப்பா நின்றார். முகத்தில் அந்த உறுதி ஆடியது. அது ஆடட்டும் என்று யாரும் விடவில்லை. "ராத்திரி நல்லாக் குடிச்சிருந்தான்" என்று ஒரு குரல் வந்தது. அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "குடிச்சிட்டா அப்பறம் இலை என்ன செய்யும்?" என்றார். முகம் பழையபடி ஆகிவிட்டது. சோணை இலை மென்றபோது குடித்திருக்கவில்லை. குடித்தது அதற்குப் பிறகு, பிழைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில். அது அப்பாவுக்கும் தெரியும்.

அன்று சாப்பிடும்போது நான் விடவில்லை.

"அப்பா, வேப்பிலை எப்பவும் கசக்கும்ப்பா. விஷம் ஏறுனாலும் கசக்கும், ஏறாட்டியும் கசக்கும்."

"எம்புட்டுப் பேரு வந்திருக்காக, அதுல எத்தன பேரு செத்தாக, சொல்லு பாப்பம்."

"கடிக்கிறதுல முக்காவாசி சாரையும் தண்ணிப்பாம்பும்ப்பா. நீங்க இலை குடுக்காட்டியும் அவுக பொழைச்சிருப்பாக."

"குடுத்தேன், பொழைச்சாக. குடுக்காமப் பாத்தியா நீயி?"

அம்மா குறுக்கே வந்து, "விடு தாயி, அவருக்குத் தெரியாததா" என்று என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள்.

போன வருசம் சித்திரையில் மல்லி கொள்ளையாகப் பூத்தது. மொட்டு விரிவதற்கு முன்னால் பறித்து வண்டி ஏற்றிவிட வேண்டும் என்பதால், வெளுக்கும் முன்பே அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். கூலிக்குப் பறிக்க வரும் முனீஸ்வரி அக்காவும் கூட இருப்பாள். நடந்ததையெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கணுக்காலில் சுருக்கென்றிருக்கிறது. ஏதோ வால் மாதிரி செடிக்கடியில் நுழைந்ததைப் பார்த்திருக்கிறாள். வலி இல்லை, வீக்கம் இல்லை. எறும்பு கடித்த மாதிரி ரெண்டு புள்ளி, அவ்வளவுதான். அப்பா கொழுந்தை ஒடித்துக்கொண்டு வந்தார்.

"கசக்குதா புள்ள?"

"கசக்குது மாமா."

"அப்ப ஒண்ணுமில்ல. தண்ணிப்பாம்பாத்தான் இருக்கும்."

அம்மா காலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு, "எதுக்கும் ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா?" என்று கேட்டாளாம்.

அப்பா சிரித்தாராம். "ஊருக்கெல்லாம் இலை குடுக்கிறவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுனா நல்லாவா இருக்கும்? கசந்துருச்சுல்ல. எதுக்குப் பயப்படுற, நான் இருக்கேன்ல."

அம்மா மடியை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

கடித்தது கட்டுவிரியன். அது கடித்தால் பெரிதாக வலிக்காது. ஒன்றுமே ஆகவில்லை என்று ஆளை நம்ப வைத்துவிட்டு, உள்ளே ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வரும். வயிற்றைப் பிசைகிறது என்றாள் அம்மா. வெறும் வயிறு அல்லவா என்றார் அப்பா. தூக்கமாக வருகிறது என்று வரப்பில் உட்கார்ந்தாள். அசதி என்றார். சுக்குக்காப்பி வாங்கிக் கொடுத்தார். அது உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. இமையைத் திறக்க முடியாமல் அம்மா விரலால் தூக்கிப் பார்த்தபோதுதான் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். பூ எடுக்க லத்தீப் மாமா அப்போதுதான் வேனோடு வந்திருந்தார். பூ மூட்டைகளுக்கு நடுவே அம்மாவைக் கிடத்தி, அப்பா தலையை மடியில் வைத்துக்கொள்ள, மதுரைக்குப் பறந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தொண்டையில் குழாய் இறங்கியிருந்தது. மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள், ஆனதையெல்லாம் செய்தார்கள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்மா" என்று ஒரு டாக்டர் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். மறுநாள் அம்மா போய்விட்டாள். தங்கப்பொண்ணு என்று பேர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். அப்படி ஒரு மனுசியை ஒரு கொத்து வேப்பிலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம் என்று எனக்கு வயிறெரிந்தது. இன்னமும் எரிகிறது.

நான் அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அதோடு சரி. அவர் முகத்தைப் பார்த்தால் அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தெரியும். நான் நேரில் பார்க்காத சிரிப்பு.

லத்தீப் மாமாவின் மகள் ஃபாயிஸா பெங்களூரில் மூளையைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிறாள். அவள் துக்கம் கேட்க வந்தபோது நான் வேறு எதுவும் பேசவில்லை. "எங்கப்பா மூளையில என்னதான் கெட்டுப்போச்சு ஃபாயிஸா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கெடலக்கா. அது பாட்டுக்கு அது வேலையத்தான் செஞ்சிருக்கு."

பளாரென்று ஒன்று விடலாமா என்று வந்தது எனக்கு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர்கள் ஆராய்ச்சியில் ஒரு சோதனை செய்வார்களாம். ஆளை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்து ரெண்டு விதச் சத்தத்தை மாற்றி மாற்றிக் கேட்க வைப்பார்கள். அடுத்து எது வரும் என்று அவர் ஊகிக்க வேண்டும். இடையில் சொல்லாமல் கொள்ளாமல் வரிசையை மாற்றிவிடுவார்கள். அதையும் அவராகவேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஊகத்தைச் சொன்னால் மட்டும் போதாது, அந்த ஊகத்தில் தனக்கு எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்த்தால், மூளை விடையை மட்டும் வைத்திருப்பதில்லையாம். அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கூடவே வைத்திருக்கிறதாம். உறுதி கூடும்போதும் குறையும்போதும் மூளையின் சில இடங்களில் வேலை நடப்பதும் சேர்ந்து மாறுகிறதாம்.

"உறுதி கம்மியா இருந்தா, புதுசா எது நடந்தாலும் மூளை ஒடனே கத்துக்கிரும்க்கா. உறுதி ஏறிப்போச்சுன்னா, எதுக்க ஒண்ணு நடந்தாக்கூட, ஏதோ ஒரு தடவ தப்பிருச்சுன்னு தள்ளிவிட்டுரும். எல்லார் மூளையும் அப்பிடித்தான். அப்பிடி இல்லைன்னா ஒவ்வொண்ணுக்கும் பயந்துக்கிட்டே இருக்கணும், வாழ முடியாது."

"சோணை" என்றேன்.

"ஆமாக்கா. மாமாவுக்கு வந்த பதிலெல்லாம் ஒரே பதில். பெரும்பாலும் விஷமில்லாத கடி, இலை எப்பவும் கசக்கும். தப்புன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு அவருக்கு வாய்ப்பே கெடைக்கல. கெடைச்ச ஒண்ணும், உறுதி எங்கயோ ஏறி நின்னதுக்கப்பறம் கெடைச்சுச்சு."

"எங்கம்மாவுக்கு உறுதி இல்லையே. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு கேட்டாளே. அப்பறம் ஏன் ரெண்டாந்தடவ கேக்கல?"

ஃபாயிஸா என் கையை விடாமல் தலையைக் குனிந்துகொண்டாள். "அது எங்க படிப்புல இன்னும் வரலக்கா" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

அம்மா போனபிறகு அப்பா ஆளே மாறிப்போனார். எந்த மொட்டு அன்று சாயங்காலம் விரியும் என்று இருட்டில் விரலால் தடவிச் சொல்கிறவர், வெளிச்சத்தில் மொட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதப் பறிக்கலாமா முனீசு?" என்று கேட்க ஆரம்பித்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு வருவார், பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பார், வீட்டுக்கு வந்தபின் மறுபடியும் கிளம்புவார். நான் வகுப்பில் இருக்கும்போது போன் வரும். "தாயி, கதவச் சாத்துனேனான்னு தெரியல." தல்லாகுளத்தில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியும் என்று கத்திவிட்டு, ஸ்டாஃப் ரூமில் போய் அழுவேன். இலையில் விழுந்த அடி, கதவு, மோட்டார், மல்லி என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது.

ஊர் மட்டும் மாறவில்லை. யாராவது கடிபட்டால் அப்போதும் எங்கள் வேப்பமரத்துக்குத்தான் வந்தார்கள். தங்கப்பொண்ணு செத்ததற்கு ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கைராசிக்காரன் இலை சொந்தப் பொண்டாட்டிக்கு மட்டும் பலிக்காது என்றார்கள். அன்றைக்கு நாள் சரியில்லை என்றார்கள். அப்பா அவர்களைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். அவர்களாகவே கொழுந்தை ஒடித்து மென்றுவிட்டு, கசக்கிறது என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டு போனார்கள்.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஊரில் இருந்த அன்று, முனீஸ்வரி அக்காவைக் கையில் ஏதோ கொத்திவிட்டது. விடிந்தும் விடியாத நேரம். கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். கூடவே நின்று அம்மாவைப் பார்த்தவள், அந்த இமையைப் பார்த்தவள், அவளே கேட்கிறாள். "அண்ணே, ஒரு கொத்து ஒடிச்சுக் குடுங்கண்ணே."

அப்பாவின் கை பழக்கத்தில் கிளைக்குப் போய்விட்டது. கிளையைப் பிடித்தபடியே நின்றார். பிறகு விட்டுவிட்டார்.

"எனக்குத் தெரியாது முனீசு."

அவளுக்குப் புரியவில்லை. "என்னண்ணே?"

"விஷமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இலைக்கும் தெரியாது. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நீங்க ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, எனக்கு அது போதும்."

"அதமட்டும் சொல்ல மாட்டேன்."

லத்தீப் மாமாவுக்கு நான் போன் போட்டேன். பறிக்காத பூவை அப்படியே செடியில் விட்டுவிட்டு வேனில் ஏறினோம். வழியெல்லாம் அப்பா முனீஸ்வரி அக்காவின் இமையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் கொட்டாவி விட்டால்கூட, "ஏத்தா, தூங்குறியா?" என்று உலுக்கினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் டாக்டரம்மா வந்து, விஷம் எதுவும் இல்லை, விஷமில்லாத பாம்பாகத்தான் இருக்கும், ஆனாலும் கூட்டிவந்தது நல்லது என்றார்.

முனீஸ்வரி அக்கா எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள். "பாத்தீங்களாண்ணே, இதுக்கு இலையே போதும்ல. பூவெல்லாம் விரிஞ்சு வீணாப் போயிருக்கும்" என்று சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. வெளியே போய்விட்டார். நான் டீ வாங்கிக்கொண்டு தேடினால், கேட்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாகக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். முனீஸ்வரி அக்கா பிழைத்ததில் கொஞ்சமாவது மனசு ஆறியிருக்கும் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"இன்னைக்கு இலை குடுத்திருந்தாலும் இதேதான் தாயி நடந்திருக்கும்" என்றார். "கசந்திருக்கும். அவ பொழைச்சிருப்பா. சொன்னேன்லன்னு நானும் துண்ட ஒதறியிருப்பேன்."

"அத விடுங்கப்பா. டீயக் குடிங்க."

அவர் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "ஒங்கம்மா வேன்ல ஒண்ணு சொன்னா. ஒங்கிட்ட இத்தன நாளாச் சொல்லல."

நான் நின்றேன்.

"நாக்குத் தடிச்சுப்போச்சு அவளுக்கு. குனிஞ்சு வாய்க்கிட்டக் காத வச்சாத்தான் வெளங்குச்சு. 'கசந்துச்சே மாமா'ன்னா. நான் ஒண்ணும் சொல்லல. மறுக்கா, 'கசந்த மாதிரிதான் இருந்துச்சு, நாந்தேன் தப்பாச் சொல்லிட்டேன் போல, என் நாக்குத்தேன் சரியில்ல போல'ன்னா."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் அம்மாவின் குரல் அப்படியே வந்தது.

"அவ நாக்கச் சந்தேகப்பட்டா தாயி. சாகப் போற நேரத்துலயும் என்னையச் சந்தேகப்படல. ஒன் நாக்கு சரிதேன் புள்ள, நாந்தேன் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. வாய் வரல. சொல்லுவோம் சொல்லுவோம்னு நெனைக்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரி வந்துருச்சு, தூக்கிட்டுப் போயிட்டாக. தான் தப்பாச் சொல்லிட்டோம்னு நெனைச்சுக்கிட்டேதான் அவ போனா."

அவர் குடிக்காத டீயை நான் வாங்கிக் கீழே வைத்தேன். ஒரு வருசமாக அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தவள் அன்றுதான் பார்த்தேன். பிறகு அவர் பக்கத்தில் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முனீஸ்வரி அக்காவை வெளியே விடும்வரை ரெண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.